டம்பர்காரர் வீட்டு மாருதி

ஏற்காடு
9 ஜூலை 2023

பாசமுள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஷைனி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவின் இடுப்பு வலி குறைந்ததா? சுரங்கத்தில் அவர் ஓட்டுகிற டம்பர் லாரியின் சீட்டுக்குப் புது மெத்தை போட்டுக் கொடுத்தார்களா?

கன்னியர் மடத்தில் எங்களுக்குப் போன மாதமே நவசந்நியாசப் பயிற்சி தொடங்கிவிட்டது. ஒரு வருடத்துக்குக் கைபேசி கிடையாது, வீட்டுக்கு வருவதும் கிடையாது. கடிதம் மட்டும் எழுதலாம். அதையும் எங்களுக்குப் பொறுப்பான மதர் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். ஆகவே அவருக்கும் இதிலேயே ஒரு வணக்கம்.

அம்மா, ஓர் உதவி வேண்டும். ஷெட்டில் நிற்கிற மாருதியை வாரத்துக்கு ஒருமுறையாவது ஸ்டார்ட் செய்யுங்கள். சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும். கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசினாகிவிடும். நீங்கள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை என்பது தெரியும். பயப்பட ஒன்றுமில்லை. கியர் குச்சி இரண்டு பக்கமும் லேசாக ஆடுகிறதா பாருங்கள், ஆடினால் நியூட்ரல். சோக்கை முழுதாக இழுங்கள். ஆக்சிலரேட்டரை இரண்டே முறை மிதித்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். பிறகு சாவி. எஞ்சின் சூடேறியதும் சோக்கை மெதுவாக உள்ளே தள்ளுங்கள்.

குன்னத்தில் அந்த ரிடயர்டு வாத்தியார் வீட்டு மக்காச்சோளக் களத்து ஓரமாக அது நின்ற கோலம் உங்களுக்கு மறந்திருக்காது. என்னைவிட வயதில் பெரிய வண்டி. நேராக இரும்புக்கடைக்குப் போக வேண்டியது. பெரம்பலூர் ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்த நாட்களில், ஞாயிறு பூசை முடிந்ததும் நட்டு நட்டாகக் கழற்றி மாட்டினேன். அதை விட்டுவிட்டு வந்ததில் எனக்கு வருத்தமில்லை. அது கெட்டுப்போனால்தான் வருத்தம்.

அப்பாவின் கோபம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் அன்பு மகள்
ஷைனி


அரியலூர்
13 ஆகஸ்ட் 2023

என் தங்கத்துக்கு அம்மா எழுதுவது. உன் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். குளிருக்கு ஸ்வெட்டர் போதுமா? சளி பிடித்தால் சொல்லாமல் இருக்காதே. இங்கே நான் சுகம். அப்பாவும் சுகம், உன்னை மிகவும் விசாரித்தார்.

காரை ஸ்டார்ட் செய்துவிட்டேன்! உடனே நடந்துவிடவில்லை. நீ இரண்டு முறை மிதிக்கச் சொன்னாய். பயத்தில் நான் தையல் மிஷினை மிதிப்பதுபோல மிதித்துவிட்டேன். தெரு முழுக்கப் பெட்ரோல் வாடை. எதிர்வீட்டுச் சிந்தாமணி ஓடிவந்து, "டீச்சர், கேஸ் லீக் ஆவுது போல, வெளிய வாங்க!" என்று கத்தினாள். கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு, இந்த முறை மிதிக்காமலேயே சாவியைத் திருப்பினேன். இருமிக்கொண்டே பிடித்தது. ஷெட் முழுக்கப் புகை. சிந்தாமணி கைதட்டினாள். நாலாம் வகுப்புக்கு இத்தனை வருடம் பாடம் எடுத்ததில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை.

நடுவில் ஒரு நாள் கருப்பண்ணன் என்று ஒரு வண்டிப் புரோக்கர் வந்தார். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, டயரை உதைத்துப் பார்த்தார். "சார் வந்து பாக்கச் சொன்னாருங்க" என்றார். எந்த சார் என்று நான் கேட்கவில்லை. விற்பதற்கில்லை என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா
லீலா மேரி


ஏற்காடு
8 அக்டோபர் 2023

அன்பு அம்மா, நலமா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. காலையில் ஜெபம், பிறகு காப்பித் தோட்டத்தில் களையெடுப்பு. கை காய்த்துப்போயிருக்கிறது, ஸ்பேனர் பிடித்த கைதானே, பழகிவிட்டது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மதர் என்னைக் கூப்பிட்டார். "உங்கம்மாவுக்குக் கார்புரேட்டர்னு எழுதியிருந்தியே, அது எந்த ஊரு புனிதர்?" என்றார். நான் சிரித்துவிட்டேன். பிறகுதான் அவரும் சிரித்தார்.

அம்மா, ஸ்டார்ட் செய்தது போதாது. ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். திருமானூர் பஸ்ஸில் தினமும் நின்றுகொண்டே பள்ளிக்கூடம் போகிறீர்கள். ஷெட்டில் ஒரு கார் நிற்கிறது. மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்பா விசாரித்தார் என்று எழுதியிருந்தீர்கள். என்ன விசாரித்தார் என்றும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

ஷைனி


அரியலூர்
19 நவம்பர் 2023

ஷைனிம்மா, சுகமாக இருக்கிறாயா? பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு. உன் அம்மாவிடம் இப்போது லைசென்ஸ் இருக்கிறது.

டிரைவிங் பள்ளியில் எல்லோரும் என் மாணவர்கள் வயது. கிளட்சை விட்டால் வண்டி குதிக்கிறது, அணைகிறது. ஒரு வாரம் அதையேதான் செய்தேன். ஒரு நாள் குதிக்கவில்லை. வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. தேர்வு அன்று ரிவர்ஸ் எடுத்துக் காட்டச் சொன்னார்கள். எடுத்தேன்.

மறுவாரமே நம் காரில் பள்ளிக்கூடம் போனேன். ஸ்டாப்பில் நிற்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் வருகிற என்னைப் பார்த்துக் கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "டீச்சர், எங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே!" என்றார். நாலாம் வகுப்பு மொத்தமும் கேட் பக்கம் ஓடிவந்துவிட்டது. காருக்கு வெள்ளைப்பூண்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

உன் அப்பா ஒரு நாள் வாசலில் நின்று பார்த்தார். "தீப்பெட்டிக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கு. ஆளு உசரத்துக்கு டயர் வச்ச வண்டிய ஓட்டுறவன் வூட்டுல இதுவா நிக்கணும்?" என்றார்.

"நீங்க ஏற வேணாங்க" என்றேன்.

"ஏறவும் மாட்டேன்" என்றார்.

அவர் சுகம். மழைக்காலம், சுரங்கத்தில் சேறு அதிகம் என்கிறார்.

அம்மா


ஏற்காடு
17 டிசம்பர் 2023

அம்மா! லைசென்ஸ் வாங்கிய என் அம்மா! உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மதரே வாசிக்கச் சொன்னார். இங்கே உள்ள எல்லாப் பெண்களுக்கும் இப்போது வெள்ளைப்பூண்டைத் தெரியும்.

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். குடில் கட்டுகிற வேலை எனக்கு. நட்சத்திரத்துக்கு வயர் இழுத்ததும் நான்தான்.

ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை, பெற்றோர் வந்து பார்க்கலாம். இந்த வருடத்தில் அந்த ஒரு நாள்தான். அப்பா ஷிப்டை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் பரவாயில்லை என்று நான் எழுதமாட்டேன்.

ஷைனி


ஏற்காடு
28 ஜனவரி 2024

அன்பு அம்மா, பத்திரமாக ஊர் சேர்ந்தீர்களா? கை எப்படி இருக்கிறது?

எந்தக் கை என்று கேட்காதீர்கள். வலது கை, கட்டைவிரலுக்குக் கீழே வெந்திருந்த இடம். போன ஞாயிறு இங்கே வந்தபோது நீங்கள் அதை முந்தானையால் மூடிக்கொண்டே முறுக்கைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தீர்கள். முந்தானையில் பச்சைக் கறை. பஸ் தாமதமாகிவிட்டது என்று சொன்னீர்கள். எந்த பஸ்ஸிலும் பயணிகள் மேல் ரேடியேட்டர் கூலன்ட் தெறிக்காது அம்மா; அது நான் மாருதியில் ஊற்றிவைத்தது. மற்றவர்கள் இருந்ததால் நான் எதையும் கேட்கவில்லை.

காரில்தான் கிளம்பியிருக்கிறீர்கள். மலையில் கொதித்திருக்கிறது. சூடாக இருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்திருக்கிறீர்கள். இனி ஒருநாளும் அப்படிச் செய்யாதீர்கள்.

இதைச் செய்து பாருங்கள். வீட்டில் நிறுத்தி எஞ்சினை ஓடவிடுங்கள். சூட்டுமானி முள் ஏற ஏற, முன்னால் உள்ள ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தால், சூடேறியதும் ஃபேனை ஓடவைக்கிற தெர்மோ சுவிட்சுக்குப் போகிற இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொடுங்கள். ஃபேன் சுற்றினால் சுவிட்ச்தான் போய்விட்டது; புதிது மாட்டினால் போதும்.

தவக்காலத்தில் நாங்கள் யாரும் கடிதம் எழுதுவதில்லை. உயிர்ப்பு ஞாயிறு வரை காரைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிடுவதாக நானே மதரிடம் சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் இனிப்பை விடுகிறார்கள். எனக்கு இதுதான் கஷ்டமானது.

அன்று அப்பா வராதது பற்றி நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஷைனி


அரியலூர்
10 பிப்ரவரி 2024

ஷைனிம்மா, கை ஆறிவிட்டது. கவலைப்படாதே.

நீ கண்டுபிடித்துவிட்டாய், பிறகு என்ன. ஏழாவது வளைவில் முன்னாலிருந்து ஆவி கிளம்பியது. அங்கே டீக்கடை வைத்திருக்கிற முத்தாயி என்ற அம்மாள்தான் ஒரு குடம் தண்ணீரோடு ஓடிவந்தார். காரை அவர் கடையோரம் நிறுத்திவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறி உன்னைப் பார்க்க வந்தேன். சாயங்காலம் திரும்பி வந்து, ஆறின வண்டியை எடுத்து, மெதுவாக இறங்கினேன். தனியாகத்தான். பெரம்பலூர் தாண்டுகிறவரை எனக்குள்ளே பாடிக்கொண்டே வந்தேன் என்றால் நம்புவாயா?

உன்னிடம் சொன்னால், ஏன் தனியாக வந்தீர்கள் என்று கேட்பாய். அதனால்தான் சொல்லவில்லை.

தவக்காலத்தை நன்றாகக் கழி. காரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா


அரியலூர்
4 ஏப்ரல் 2024

அல்லேலூயா! உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள் மகளே. ஒருசந்தி விரதம் இருந்து உடம்பு இளைத்துப்போயிருப்பாய். சாப்பிடு.

சொல்ல நிறைய இருக்கிறது. நீ எழுதியபடி எஞ்சினை ஓடவிட்டேன். ஃபேன் சுற்றவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. இரண்டு வயரையும் தொட்டேன். 'விர்'ரென்று ஃபேன் சுற்றியது! நானே கத்திவிட்டேன். பெரம்பலூரில் சுவிட்ச் வாங்கிவந்து நானே மாட்டினேன். கடைக்காரர், "மெக்கானிக் யாருங்க?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். அந்த வார்த்தை வாயில் எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா?

ஆனாலும் அரியலூர் மேம்பாலம் ஏறும்போது முள் உயரத்தான் செய்தது. உன்னிடம் கேட்கவும் வழியில்லை. நானாக ஏதேதோ செய்து பார்த்துவிட்டு, ஒரு நாள் ஷெட் கதவருகே பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பா ஷிப்ட் முடிந்து வந்தார். என்னைப் பார்த்தார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்து, ரேடியேட்டரின் வாயில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் வெள்ளையாக வந்தது.

"எந்தத் தண்ணி ஊத்துற?"

"நம்ம போர் தண்ணிதாங்க."

"நம்ம ஊரு மண்ணுக்கடியில பூரா சுண்ணாம்பு. அதை வெட்டித்தான் நான் சோறு திங்கிறேன். அந்தத் தண்ணிய ஊத்துனா உள்ள ஓட்டை அடைக்காம என்ன செய்யும்?"

அன்று சாயங்காலமே ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொண்டுபோனார். கொண்டுவந்து மாட்டி, கேனில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் ஊற்றினார். கையைக் கழுவும்போது, "தண்ணி விஷயத்தை அவ உனக்குச் சொல்லலியா?" என்றார்.

அவ என்றார், ஷைனி. நீ போன நாள் முதல் இந்த வீட்டில் அவர் வாயிலிருந்து வந்த முதல் 'அவ' அது. நீ கேட்டாயே, என்ன விசாரித்தார் என்று. இதுதான். இதற்கு முன்னால் ஒன்றும் இல்லை.

அம்மா


ஏற்காடு
5 மே 2024

அன்பு அம்மா, அன்பு அப்பா, இருவரும் சுகமா? வெயில் நேரத்தில் மோர் நிறையக் குடியுங்கள்.

ஜூன் 8 அன்று எனக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவு வாழ்வுக்கான உறுதிமொழி. நாலு பேர் சேர்ந்து கொடுக்கிறோம். பூசை காலை பத்தரை மணிக்கு.

தவக்காலம் முடிந்ததும் மதர் என்னிடம் நேராகவே கேட்டார்: "அந்தக் காரைப் பத்தி இவ்வளவு நினைக்கிற, உன் மனசு வீட்டுல இருக்கா, இங்க இருக்கா?" இரண்டு நாள் யோசித்துத்தான் பதில் சொன்னேன். அந்த வண்டியைப் பழுது பார்க்கும்போது எனக்கு இருந்த மனம்தான் ஜெபத்திலும் இருக்கிறது, இரண்டு மனம் இல்லை என்றேன். மதர் தலையசைத்தார். வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு, எங்கள் சபை பெண்களுக்காக நடத்துகிற தொழிற்பயிற்சிப் பள்ளிக்கு என்னை அனுப்பப் போகிறார்கள்.

அப்பா, இனி எழுதுவது உங்களுக்கு. அம்மாவை வாசிக்கச் சொல்லாதீர்கள், நீங்களே வாசியுங்கள். நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில், "பொழைக்கப் பயந்துகிட்டு ஓடுற" என்றீர்கள். அதற்குப் பதில் இது. பெரம்பலூர் ஒர்க் ஷாப்பில் நான் ஒருத்திதான் பெண். அங்கே பயப்படாதவள் இங்கே எதற்குப் பயந்து வரப்போகிறேன்? எனக்கு இது பிடித்திருக்கிறது. அவ்வளவுதான் அப்பா. நான் மெக்கானிக் படித்தபோது ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டீர்கள். அந்தப் பெருமையை நான் எடுத்துக்கொண்டு வந்துவிடவில்லை.

நீங்கள் வராவிட்டாலும் வார்த்தைப்பாடு கொடுப்பேன். வந்தால் நன்றாக இருக்கும்.

ஷைனி


அரியலூர்
26 மே 2024

ஷைனிம்மா, உன் கடிதத்தை அப்பா வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். எட்டாம் தேதி அவருக்கு வேலை நாள். லீவு போட்டதாகத் தெரியவில்லை.

நான் வருவேன். காரில்தான் வருவேன். பிரேக் பார்த்தாயிற்று, எஞ்சின் பெல்ட் புதிது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


அரியலூர்
16 ஜூன் 2024

மகள் ஷைனிக்கு அப்பா அமல்தாஸ் எழுதுவது. நான் சுகம். அம்மா சுகம். உன் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறோம். கடிதம் எழுதி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, எழுத்து கோணலாக இருக்கும்.

அன்றைக்கு நிறைய ஆட்கள் இருந்ததால் உன்னிடம் ஒன்றும் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எட்டாம் தேதி காலையில் நான் ஷிப்டுக்குப் போகிறவனாகத்தான் வாசலுக்கு வந்தேன். அம்மா காரை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னை வா என்றும் கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கம்பெனி பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவன் எடுத்துவிட்டேன். உள்ளே இருந்தவர்கள், "என்ன அமல்தாஸு, ஏறு" என்றார்கள். ஒரு வருடமாக அவர்கள் உன்னைப் பற்றிக் கேட்டால், வெளியூரில் வேலை என்று சொல்லிவைத்திருந்தேன். "எம்மவ சிஸ்டர் ஆவுறா. ஏற்காட்டுல இன்னைக்கு வார்த்தைப்பாடு. நான் வரல" என்றேன். பின் சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். எங்கள் ஆலத்தியூர் சுரங்கம் முழுக்கச் சேதி போயிருக்கும்.

அம்மாவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். முழங்கால் முன்னால் இடித்தது. ஆத்தூரில் டீ குடித்தபிறகு, "நான் ஓட்டட்டா?" என்றேன். "நீங்க மலையைப் பாத்துக்கிட்டு வாங்க" என்றாள்.

சுரங்கத்தில் நான் லோடோடு மேலே ஏறும்போது எதிரே வருகிறவன் ஒதுங்கி நிற்பான். அந்த மலையில் எல்லா வண்டியும் ஹாரன் அடித்து எங்களை ஒதுக்கினது. முதலில் எனக்குச் சுருக்கென்று இருந்தது. அம்மா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்து, வண்டிக்கு மூச்சு வாங்காமல், ஒரே சீராக ஏற்றினாள். அவள் கையில் இருந்த தெளிவைப் பார்த்தபிறகு ஹாரன் சத்தம் என் காதில் விழவில்லை. முள் பாதியைத் தாண்டவே இல்லை. வழியில் ஒரு பெரிய புதுக் கார் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு புகைந்துகொண்டு நின்றது. நிறுத்தி அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தோம். "சூடா இருக்கு, மூடியில கை வைக்காதீங்க" என்று அம்மா அவர்களுக்குப் பாடம் எடுத்தாள். மேலே போய் நிறுத்தியதும், "நல்லா ஓட்டுன" என்றேன். அவள் கண்ணாடியில் தலையைச் சரி செய்துகொண்டாள்.

கோயிலில் உன் பெயரைக் கூப்பிட்டதும், "இதோ வருகிறேன்" என்றாய். ஒர்க் ஷாப்பில் சேர்ந்தபோது, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்ட உன் மாமாவிடம் பதில் சொன்னாயே, அதே குரல். பயந்தவள் குரல் அப்படி இருக்காது. பஸ் ஸ்டாண்டில் நான் சொன்னது தப்பு.

சாப்பாடு முடிந்ததும் உங்கள் மதர் என்னிடம் வந்தார். "நீங்க பெரிய பெரிய வண்டி ஓட்டுறவர்னு ஷைனி சொல்லுவா. எங்க ஜீப்பு காலையிலருந்து கிளம்பல, கொஞ்சம் பாக்குறீங்களா?" என்றார்.

"நான் ஓட்டுறவன்தாங்க மதர். எங்க வூட்டுல மெக்கானிக்கு அவதான். அவளைக் கூப்பிடுங்க" என்றேன்.

நீ புது உடுப்போடு வந்தாய். கையை மடித்துவிட்டு, குனிந்து பார்த்து, "டீசல் லைன்ல காத்து புகுந்திருக்குப்பா. நான் இங்க லூஸ் பண்றேன், நீங்க அந்தப் பம்ப்ப அமுக்குங்க" என்றாய். நான் அமுக்கினேன். போதும் என்றாய், நிறுத்தினேன். ஜீப் ஒரே சாவியில் பிடித்தது. அதற்குள் மற்றப் பெண்களைப் பெற்றவர்கள் எல்லோரும் சுற்றி நின்றிருந்தார்கள். நீ கை கழுவப் போன பிறகு, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர், "அது யாரு பிள்ளை?" என்று கேட்டார்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா
அமல்தாஸ்